பினாங்கில் ஒரு நாளும் ஒரு சாதிக்காய்ப் பெட்டியும்



மலேசியா போய் வந்ததிலிருந்து பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பினாங்கு எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு முடிந்தது என்று. ஆசிரியர் சம்பளத்தில் இது எப்படி முடிந்தது என்று சுற்றிவளைத்துக் கேட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். மூன்று வருடச் சீட்டுக்காசு. அதுவும் ஊர் சுற்றப் போனதல்ல. கோலாலம்பூரில் உம்மாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்து கையில் இரண்டு நாள் மிச்சமிருந்தது. அதில் ஒரு நாளைப் பினாங்கில் செலவழித்தோம். அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளை எழுத ஏன் இவ்வளவு மாதம் என்று கேட்டால், கதையின் கடைசிப் பகுதி அம்பாறையில் நடக்க வேண்டியிருந்தது. அது பிறகுதான் நடந்து முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

போனது நான்கு பேர். பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டிருக்கும் நாங்கள் இருவர், ஒன்பதாம் தரம் படிக்கும் மகள், 71 வயது உம்மா. முழங்கால் வலி உள்ள மனுஷி. "நான் ரூமிலேயே ரிக்கிறன், நீங்க பாத்துட்டு வாங்க" என்றுதான் முதலில் சொன்னா. மகள் விடவில்லை.

2023 டிசம்பர். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வர்த்துக்கு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம். அங்கிருந்து படகில் கடலைத் தாண்டினால் பினாங்குத் தீவு. இறங்கும் இடம்தான் ஜோர்ஜ் டவுன் நகரம். 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பனிக்காகக் கைப்பற்றித் துறைமுகமாக்கிய ஊர். வரி இல்லாத துறைமுகம் என்றதும் சீனர், தமிழ் முஸ்லிம்கள், செட்டிமார், அரேபியர், ஆச்சே நாட்டார், பர்மியர், சயாமியர், ஆர்மீனியர் என்று எல்லோரும் வந்து குவிந்திருக்கிறார்கள். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதெல்லாம் மகளுக்கு ரயிலில் வைத்துப் படிப்பித்த பாடம். அவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

இரவு போய்ச் சேர்ந்து, மறுநாள் சுபஹ் தொழுகைக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிக்குப் போனோம். மலேசிய நேரம் எங்கள் நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. ஆறு மணியளவில்தான் சுபஹ். ஏழு மணி தாண்டியும் சூரியனைக் காணவில்லை. உம்மாவுக்கு ஒரே குழப்பம். "இஞ்ச சூரியனும் அரசாங்க உத்தியோகமா, நேரம் பிந்தித்தான் வருமா?" என்று கேட்டா. உண்மையில் பிழை சூரியனில் இல்லை. 1982இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரே நாடு, ஒரே நேரம் என்பதற்காகச் சூரியனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பள்ளி 1801இல் தொடங்கப்பட்டது. கட்டியவர் காதர் முகைதீன். அக்காலத்தில் பினாங்கிலிருந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவர். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்து அவருக்குக் 'கப்பித்தான்' என்று பட்டம் கொடுப்பது அன்றைய வழக்கம். 'கெலிங்' என்பது இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறித்த பழைய சொல். இன்று அங்கே யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் சண்டை வரும். ஆனால் பள்ளியின் பெயரில் மட்டும் மரியாதையோடு நிற்கிறது. ஒரு சொல் எப்படி நல்லதாயிருந்து கெட்டதாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் காட்டக் கிடைக்காது.

தொழுதுவிட்டு வெளியே வந்தால் பசி. பக்கத்துச் சந்தில் ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்களை அங்கே 'மாமாக்' என்கிறார்கள். நம் 'மாமா'தான் அப்படி ஆகியிருக்கிறது. ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் மூன்று, ரொட்டி பாக்கார் ஒன்று கேட்டோம். தே தாரிக் என்றால் இழுத்த தேத்தண்ணி. கடைக்காரத் தம்பி இரண்டு கையையும் விரித்து ஒரு முழத்துக்கு மேல் இழுத்து ஆற்றினான். நம்மூர் ஹோட்டல்களில் பாத்துப் பாத்துப் பழகிய காட்சி என்பதால் மகளைத் தவிர யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைத்த உம்மா, "இது நம்மட பராட்டா தானே. பேரை மாத்தினா வெலையும் கூடுமா?" என்றா. அந்த நாட்களில் ஒரு ரிங்கிட் எங்கள் காசில் எழுபது ரூபாய் அளவில் இருந்தது. கூடித்தான் இருந்தது.

ரொட்டி பாக்கார் என்பது வாட்டிய பாண். அதில் காயா என்று ஒன்றைப் பூசித் தருகிறார்கள். உம்மா ஒரு கடி கடித்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினா. இன்னொரு கடி. பிறகு எங்களைப் பார்த்தா.

"இது வட்டிலப்பம் புள்ள. ஆரோ பாணுல பூசி வெச்சிரிக்காங்க."

நாங்களும் ருசித்துப் பார்த்தோம். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ரம்பை இலை. கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சாதிக்காயும் போட்டு அவித்திருந்தால் அச்சு வட்டிலப்பம்தான். வட்டிலப்பம் நம் நாட்டுக்கு ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாய் மக்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். மலாய் மொழியில் 'செரிகாயா' என்று ஒரு இனிப்பு உண்டு. காயா அதன் சுருக்கம். பெருநாள் காலையில் நம் வீடுகளில் அவிக்கும் சாமானின் சொந்தக்காரரைத் தேடிப் போனால் இந்தக் கடல் பக்கம்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

உம்மா அந்தப் பாணை முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. முழங்கால் வலியாக்கும் என்று நினைத்தோம்.

பிறகு நடை. பள்ளி இருக்கும் அதே வீதியில்தான் மற்றவையும். முன்பு பிட் ஸ்ட்ரீட் என்று பெயர். இப்போது பள்ளியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் 1818இல் கட்டிய சென் ஜோர்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகை வீதி வரை வருகிறது. அதற்கடுத்து 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். அதன் பின்பக்கம்தான் இந்த வீதியில், வாசல் அடுத்த தெருவில். அதற்குப் பிறகு நம் பள்ளி. முழங்கால் வலியோடு உம்மா நடந்தே கால் மணித்தியாலத்தில் நான்கையும் கடந்துவிட்டா. மகள் கேட்டாள், "இவங்க வேணுமெண்டே பக்கத்துல பக்கத்துல கட்டினாங்களா?" அப்படியல்ல. துறைமுகத்துக்கு வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே ஆளுக்கொரு துண்டுக் காணி பெற்றுக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கட்டியது தற்செயல். இருநூறு வருடமாய் இடிக்காமல் வைத்திருப்பது தற்செயல் இல்லை.

சூலியா வீதியில் இன்னொரு ஆச்சரியம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று 'சூலியா' என்றுதான் பெயர். அந்த வீதியில் கடைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு நாகூர் தர்கா. உம்மா அப்படியே நின்றுவிட்டா. கல்முனைக் கடற்கரைப் பள்ளியும் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை பெயரில் உள்ளதுதானே. சின்ன வயதில் கொடியேற்றத்துக்குச் சம்மாந்துறையிலிருந்து மாட்டு வண்டியில் போன கதையை அந்த நடைபாதையிலேயே சொல்லத் தொடங்கிவிட்டா. (கொடி ஏற்றலாமா கூடாதா என்ற விவாதத்தை யாரும் கீழே தொடங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.) எங்களுக்குப் பிடிபட்டது வேறொன்று. கப்பலேறிய தமிழ் முஸ்லிம் எங்கே இறங்கினாலும் முதலில் ஒரு பள்ளி, அடுத்து ஒரு நாகூரார் நினைவிடம், அதற்கடுத்து ஒரு சாப்பாட்டுக்கடை. கிழக்கிலும் அப்படித்தான், பினாங்கிலும் அப்படித்தான்.

ஆர்மீனியன் வீதியில் மகளின் ஆசைக்காக ஒரு மணித்தியாலம். லித்துவேனியாவைச் சேர்ந்த ஓவியர் ஏர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் சுவரில் வரைந்த பிள்ளைகள், உண்மையான சைக்கிள் ஒன்றில் ஏறியிருப்பது போல. படம் எடுக்க வரிசை. மகள் வரிசையில் நிற்க, உம்மா நிழலில் குந்திக்கொண்டு போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தா.

பகல் சாப்பாடு நாசி கண்டார். பினாங்குக்குப் போய் இதைச் சாப்பிடாமல் வந்தால் போனதில் சேர்த்தியில்லை. அக்காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடி போலத் தடியை வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் கறிச்சட்டி தொங்கவிட்டு, துறைமுகக் கூலியாட்களுக்கு விற்றிருக்கிறார்கள். 'நாசி' சோறு, 'கண்டார்' அந்தக் காவுதடி. 1907இல் தொடங்கிய ஹமீதியா கடை இன்றும் கெம்பல் வீதியில் இருக்கிறது. நாங்கள் போனது பெயர் பெறாத வேறொரு கடை. அங்கும் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. சோற்றை வைத்து, மாட்டிறைச்சி, கோழி, மீன் முட்டை, கணவாய், வெண்டிக்காய் என்று கேட்டதை வைத்து, கடைசியில் நாலைந்து கறியின் ஆணத்தை ஒன்றாக ஊற்றுகிறார்கள். 'பஞ்ஜிர்' என்று சொன்னால் இன்னும் அள்ளி ஊற்றுவார்கள். பஞ்ஜிர் என்றால் மலாயில் வெள்ளம். வருடா வருடம் வெள்ளத்தில் நிற்கும் ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வெள்ளம் வாங்கியது அன்றுதான்.

மேசைகள் பொதுவானவை. எங்கள் மேசையில் ஏற்கெனவே ஒரு சீன மூதாட்டி. உம்மாவின் வயதுதான் இருக்கும். தனியாக வந்து, தலையைக் குனிந்து, கையால் பிசைந்து, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தன் தட்டை நகர்த்தி இடம் விட்டார். உம்மா சோற்றைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டு, "மக்கான், மக்கான்" என்று தட்டைக் காட்டினார். சாப்பிடுங்கள் என்கிறார். உம்மா சிரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டா.

"இந்தப் பொம்புள சீனத்தி தானே? முஸ்லிம்ட கடையில இப்பிடிப் பயமில்லாமச் சாப்பிடுறாவே."

"என்ன பயம் உம்மா?"

"மறந்திட்டீங்களா? நம்மட பக்கத்துல பயந்தாங்க தானே."

எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் காயாவுக்குப் பிறகு உம்மா ஏன் பேசவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்ததென்று ஒரு பிரச்சினை. அது சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று கதை கட்டினார்கள். கடை உடைந்தது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து அது மாவுக் கட்டி என்றார். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் அறிக்கை நடந்து வருவதற்குள் கதை பறந்து போய்விட்டது. அடுத்த வாரம் திகன.

இது நாட்டின் கதை. எங்கள் வீட்டுக்கு இன்னொரு கதை உண்டு.

1978இல் எங்கள் மூத்த ராத்தா அம்பாறை ஆஸ்பத்திரியில் பிறந்தபோது உம்மாவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஒரு சிங்களத் தாதி. அப்போதுதான் வேலைக்கு வந்த சின்னப் பிள்ளை. உம்மாவை "அக்கே" என்பார், உம்மா அவரை "நங்கி" என்பா. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் நங்கி மாமி. நாற்பது வருடமாகப் பெருநாளைக்கு இங்கிருந்து வட்டிலப்பம் போகும், சித்திரையில் அங்கிருந்து கவும், கொக்கிஸ், ஆஸ்மி வரும். "அக்கே, புதுத் தாச்சி, புதுத் தேங்காயெண்ணெய், வேறொண்டும் அதுல பொரிக்கல்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தருவார். யுத்த காலத்தில் பாதை மூடிய வருடங்களில் கூட, பிந்தினாலும், வந்தது.

2018 சித்திரையில் வரவில்லை.

அந்த ஜூன் மாதப் பெருநாளைக்கு உம்மா வழமைபோல வட்டிலப்பம் அவித்தா. நங்கி மாமியின் கிண்ணத்தில் எடுத்து மூடியும் போட்டா. பிறகு மூடியைத் திறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டா. "சாப்பிடாமக் கொட்டினா எனக்குத் தாங்காது" என்று மட்டும் சொன்னா. அடுத்த வருடம் ஏப்ரல் 21. அதற்குப் பிறகு யார் யாரிடம் போவது? பிறகு கொரோனா, பிறகு எரிபொருள் வரிசை. சண்டை இல்லை, கோபம் இல்லை, ஒரு வார்த்தை கூட இல்லை. அரை மணித்தியால பஸ் பயணம்தான். ஆறு வருடம் போய்விட்டது.

சீன மூதாட்டி சாப்பிட்டு முடித்து, உம்மாவின் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். உம்மா பிறகுதான் சோற்றில் கை வைத்தா.

பின்நேரம் பினாங்கு வீதிக்கருகே ஒரு சந்தில் செண்டோல் குடித்தோம். நின்றுகொண்டே குடிக்க வேண்டும், கதிரை கிடையாது. தேங்காய்ப்பால், பனைச் சர்க்கரைப் பாணி, சிவப்பு அவரை, துருவிய ஐஸ், ரம்பை வாசனையில் பச்சைப் புழு மாதிரி அரிசிமாத் துண்டுகள். "புழு" என்று சொன்ன மகளே இரண்டு கிண்ணம் குடித்தாள். அங்கிருந்து சௌராஸ்தா சந்தை. ஊறுகாய்ப் பழங்களும் சாதிக்காயும் விற்கும் கடைகள். கிழக்கிந்தியக் கம்பனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட சாதிக்காய் இன்றும் பினாங்கின் பெருமை. நாம் கொட்டையை மட்டும் எடுத்துப் பழத்தை எறிகிறோம். அவர்கள் பழத்தின் சதையைச் சீனியில் ஊறவைத்து இனிப்பாக்குகிறார்கள், பானமாக்குகிறார்கள், எண்ணெயை வலிக்குத் தடவுகிறார்கள். உம்மாவின் முழங்காலுக்கு ஒரு போத்தல் வாங்கினோம்.

உம்மா இனிப்புச் சாதிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்றா. கடைக்காரர் ருசி பார்க்கத் தந்தார். நல்லாயிருந்தது. நிறுத்துத் தரட்டுமா என்றார். உம்மா தலையாட்டினா.

"திறந்த சாமான் வேணா. ஃபெக்டரில அடைச்ச பெட்டியாக் கேளுங்க."

"இதுதானே உம்மா நல்லம்? வெலையும் குறைவு."

"எங்களுக்கில்ல. நங்கிக்கு. அங்க பேரப்புள்ளைகள் ரிக்கிம். சீல் வெச்ச பெட்டியெண்டா பயமில்ல."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நாற்பது வருடம் மூடியைத் தட்டித் திறந்து சாப்பிட்ட வீட்டுக்கு சீல் வைத்த பெட்டி. வாங்கினோம்.

மாலையில் புலாவ் திக்கூஸ் பக்கம். அங்கே ஒரே சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு விகாரைகள். ஒன்று பர்மியருடையது, 1803இல் தொடங்கியது. மற்றது சயாமியருடையது, உள்ளே சுமார் 33 மீற்றர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர் சிலை. உம்மா வாசல் வாங்கில் இருந்துகொண்டா. "நீங்க போய் ஒரு படம் எடுங்க. நங்கிக்குக் காட்டலாம். அவ இதெல்லாம் எங்க பாக்கப்போறா" என்றா. அனுமதி கேட்டு எடுத்தோம். இலங்கைப் பௌத்தர்கள் அமைத்த மகிந்தராம விகாரையும் பினாங்கில் உண்டு. நேரம் போதவில்லை.

இரவுச் சாப்பாடு கேர்னி கடற்கரையில். நூறு தள்ளுவண்டிக் கடை இருக்கும் போல ஒரு இடம். ஒரு பக்கம் மலாய், மாமாக் கடைகள். மறுபக்கம் சீனக் கடைகள். நாங்கள் இந்தப் பக்கம் பசெம்போர் வாங்கினோம். வடை, இறால் பொரியல், வெள்ளரி எல்லாம் வெட்டி மேலே வற்றாளங்கிழங்குக் குழம்பு. அந்தப் பக்கத்திலிருந்து நூடுல்ஸ் பொரிக்கும் வாசம் மூக்கைத் துளைத்தது. மகள் கேட்டாள், அதில் ஏன் வாங்கக்கூடாது என்று. பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள் என்றோம். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நாமளும் அவங்க சாப்பாட்டச் சாப்பிடுறல்ல தானே வாப்பா? அப்ப நம்மட சாப்பாட்டுக்கு ஆராச்சும் பயந்தா மட்டும் ஏன் நமக்குக் கோவம் வருது?"

இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருபது வருடப் படிப்பித்தலில் வகுப்பில் வந்த கேள்விகளில் இப்படி ஒன்று இல்லை.

அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. அறைக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். கடைசியில் அவளுக்குச் சொன்னது இதுதான். நமக்கிருப்பது ஒரு சட்டம். இன்னது உண்ணலாம், இன்னது கூடாது. அதில் எதிரே இருக்கும் மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இல்லை. சட்டத்தைச் சுவரில் எழுதி ஒட்டலாம். பினாங்கில் பல சீனக் கடைகளில் 'பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை' என்று எழுதியிருந்ததை நீயே பார்த்தாய். நங்கி மாமி புதுத் தாச்சியில் பொரித்தேன் என்று சொன்னதும் அதுதான். நம் சட்டத்தை அவர் மதித்தார், நாம் அவர் சொல்லை நம்பினோம். ஆனால் 'இவன் எனக்கு நஞ்சு வைப்பான்' என்பது சட்டமில்லை, சந்தேகம். அதை யாரும் சுவரில் எழுதி ஒட்டமாட்டார்கள். காதில்தான் சொல்வார்கள். அதனால்தான் அதற்குப் பதில் சொல்லவும் முடிவதில்லை.

சொல்லிவிட்டோமே தவிர, எங்களுக்கே அந்தப் பதில் முழுதாக இல்லை என்று தெரியும். சட்டத்தைச் சாட்டாக வைத்து நாமும் எத்தனை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் திரும்பியிருக்கிறோம்? 2013இல் ஹலால் இலச்சினை விவகாரம் வெடித்தபோது, அது என்னவென்று பக்கத்து வீட்டுச் சிங்களவருக்குத் தமிழருக்கு உட்கார்ந்து விளக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? உலமாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். விளக்காத சட்டம் பார்க்கிறவனுக்குச் சந்தேகமாகத்தான் தெரியும்.

பினாங்கைச் சொர்க்கமென்று சொல்ல வரவில்லை. 1969 மே 13இல் கோலாலம்பூரில் நடந்த இனக் கலவரம் அந்த நாட்டின் ஆறாத காயம். எங்களைக் காரில் ஏற்றிச் சென்ற இந்திய வம்சாவளித் தம்பி, பல்கலைக்கழக இடம், அரசாங்க வேலை என்று வழியெல்லாம் குறைதான் சொன்னார். ஆனால் அவரே, "இந்தக் கடையில சாப்பிடுங்க, அந்தக் கடை மீ கோரெங் நல்லது" என்று நாலு இனத்துக் கடையையும் சொன்னார். குறை எல்லாம் குறையாகவே இருக்க, வயிறு மட்டும் பிரிந்து போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மிடம் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் இருக்கிறது. அந்த ஆறு பேரும் நாமேதான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாறைக்குப் போனோம். சொல்லாமல்தான் போனோம். சொன்னால் வர வேண்டாம் என்று விடுவார்களோ என்ற பயம் எங்களுக்கும்.

நங்கி மாமி மெலிந்து போயிருந்தார். கேற்றடியில் உம்மாவைக் கண்டதும் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாதவர் போல நின்றார். பிறகு "அக்கே" என்று ஒரு சத்தம். மகன் முன் அறையில் இருந்தவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறைக்க ஒன்றுமில்லை, அதுவும் நடந்தது. மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

உம்மா பெட்டியைக் கொடுத்தா. நங்கி மாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் ஒட்டிய இடத்தில் விரலை வைத்தார். அவர் புத்திசாலி. விளங்கிவிட்டது. எங்களுக்கு விளங்கும் தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"அக்கே, நான் முப்பது வருசம் நர்ஸ். அப்பிடி ஒரு மருந்து இல்லயெண்டு எனக்குத் தெரியும். மருமகளுக்கு அப்ப பயம், புதுசாக் கலியாணம் முடிச்ச. இல்லயெண்டு சொல்ல எனக்கு வாய் வந்தல்ல. சொல்லாம இருந்திட்டு எந்த முகத்தோட கவும் கொண்டு வாறது?"

உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டா. "நானும் ஒங்கட கிண்ணத்துல எடுத்து வெச்சிட்டுக் குடுக்காம விட்டன் நங்கி."

இரண்டு பேரும் அழுதார்கள். மருமகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. படுத்திருக்கும் புத்தரின் படத்தை மகள் போனில் காட்டினாள். நங்கி மாமி கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

புறப்படும்போது கேற் வரை வந்து உம்மாவிடம் கேட்டார்.

"இது பெட்டிச் சாமான். வட்டிலப்பம் எங்க?"

2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. உம்மா பழைய கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கழுவி, வட்டிலப்பம் அவித்து, மூடியை மட்டும் போட்டு அனுப்பினா. மூன்று நாளில் கிண்ணம் கவும் நிறைந்து திரும்பி வந்தது. கொண்டுவந்து தந்தது மகன். உள்ளே வரவில்லை, மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே தந்துவிட்டு, "அம்மா சொன்னா, புது எண்ணெயாம்" என்றார்.

அதுவும் போதும். அடுத்த முறை இறங்குவார், இன்ஷா அல்லாஹ்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் இப்படி ஒரு வீடு இருக்கும். திரும்பி வராத ஒரு கிண்ணம், அல்லது நீங்கள் திருப்பிக் கொடுக்காத ஒரு கிண்ணம். அதற்குப் பினாங்கு போக வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் அவ்வளவு தூரம் சுற்றிப் போக வேண்டியிருந்தது.